பதினேழாவது சுளுக்கு

"ஐயோ, கால் போச்சே!"

கூடத்திலிருந்து அலறல். தூங்கிக்கொண்டிருந்த பாப்பா திடுக்கிட்டு வீறிட்டாள். கழுவிக்கொண்டிருந்த தட்டோடு ஓடினேன்.

என் வீட்டுக்காரர் சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் போன்.

"என்னங்க ஆச்சு?"

"கணுக்கால் சுளுக்கிடுச்சு."

"எங்க, காட்டுங்க."

"எனக்கில்ல. இவனுக்கு."

போனுக்குள் பனிமலையில் ஒரு பொம்மை ஆள் நொண்டிக்கொண்டிருந்தான்.

"ஓநாய்கிட்ட தப்பிச்சான், பனிப்புயல்ல தப்பிச்சான். சும்மா ஒரு மேட்டுல ஏறினான், சுளுக்கு! இன்னைக்கு மட்டும் இது பதினேழாவது."

"பார்த்து நடக்கச் சொல்லுங்க."

"பார்த்து நடந்தாலும் சுளுக்கும். சரிவுல கால் வெச்சா எப்ப மடங்கும்னே தெரியாது. கேமையே அப்படித்தான் பண்ணி வெச்சிருக்காங்க."

"அப்ப சமதரையில நடக்க வேண்டியதுதானே?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது. இரு, பனிக்கரடி வந்துடும்."

"கரடியா?"

"அப்படிப் பேர் வெச்சுக்கிட்டு யாரோ ஆடறாங்க. நான் விழுந்தா எங்கிருந்தோ ஓடி வந்து கட்டுப் போட்டுட்டுப் போயிடும். ஒரு வார்த்தை பேசாது."

இருபது மாடிக் கட்டிடத்து லிஃப்டைத் தனி ஆளாகச் சரிசெய்கிற மெக்கானிக், வீட்டுக்கு வந்தால் இந்தக் கூத்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முகம் தெரியாத கரடியோட உறவு கொண்டாடுங்க. பக்கத்து அறையில இருக்கற எங்கம்மாகிட்ட மட்டும் பேசிடாதீங்க!"

முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாற்பது நாளாக மாமியாருக்கும் மருமகனுக்கும் பேச்சு இல்லை. அம்மாவின் தையல் மெஷினை இவர் கழற்றி மாட்டியதில் ஒரு திருகு மிஞ்சிவிட்டது. "உங்க தலையிலேர்ந்து விழுந்ததா மாப்பிள்ளை?" என்று வந்தவர்கள் முன்னால் அம்மா கேட்க, "இங்க மெஷின் மட்டுமா பழசு?" என்று இவர் சொல்ல, தீர்ந்தது. அவர் முதல்ல பேசட்டும் என்று அம்மா. அவங்க பேசட்டும் என்று இவர். நடுவில் நான் தபால்காரி.

ஞாயிற்றுக்கிழமை மெஷினோடு அண்ணன் வீட்டுக்குப் போகிறாளாம் அம்மா. இந்த மனத்தாங்கலோடு போனால் திரும்பி வரமாட்டாள். அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும்.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் அறைக்குப் போனேன். அங்கேயும் அதே கதை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, அம்மா போனில் மூழ்கிக் கிடந்தாள்.

"நீயுமா? பேத்தி கத்தறது காதுல விழலையா?"

"இருடி, குறுக்க ஓநாய் நிக்குது."

எட்டிப் பார்த்தேன். அதே பனிமலை. கம்பளி போர்த்திய பொம்மை ஒன்று கட்டுத் துணியோடு தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே பெயர்: பனிக்கரடி.

"அம்மா!"

"கத்தாத. அவர்கிட்ட மூச்சு விட்டுடாத. மேல் வீட்டுப் பொண்ணுதான் இந்த கேமை என் போன்ல ஏத்திக் குடுத்தா. பாவம், சும்மா சும்மா விழுறார், கேக்க நாதியில்ல. ஏண்டி, உன் அண்ணன் வீட்ல நெட் நல்லா வருமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கூடத்தில் அடுத்த அலறல்.

"ஐயோ, இன்னொரு காலும் போச்சே!"

அம்மா தன்னை மறந்தாள்.

"அசையாம நில்லுங்க மாப்பிள்ளை! இதோ வந்துட்டேன்!"

பாப்பாகூட அழுகையை நிறுத்திவிட்டாள். அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கூடத்திலிருந்து பதில் வந்தது.

"சரிங்க அத்தை! நீங்க மெதுவாவே வாங்க, அந்தப் பக்கமும் சறுக்கும்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆள் ஆடிப்போயிருப்பார் என்று நினைத்தால், முகமெல்லாம் பல்.

"கரடி எங்கம்மாதான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"சத்தமில்லாம விழுந்தா அந்தக் கரடி வர்றதே இல்ல, வாய்விட்டுக் கத்தினாத்தான் வருது. தெரிஞ்சுதானே, சமதரையை விட்டுட்டு சரிவு சரிவாத் தேடிப் போய் விழறேன்!"