இன்னும் ஒரு சாண்

"இன்னும் ஒரே ஒரு சாண் வெட்டிட்டா சரியாயிடும்."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. வெட்டி வெட்டி, கடைசியில துணி காயப்போடக்கூட நீளம் பத்தாது!"

மனைவி கத்தியது கீழ்வீடு வரைக்கும் கேட்டது. அவர் காதில் ஏறவில்லை. ஊரிலுள்ள லிஃப்டுகளையெல்லாம் பழுதுபார்க்கிற கை அது. பால்கனியிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கு இழுத்த ஒற்றை ஆன்டெனாக் கம்பி ஆறு வாரமாக அவருக்குத் தண்ணி காட்டியது.

ஞாயிறு காலை பத்து மணிக்குத் தம்பி, இவரைப் போலவே, இருபக்கமும் பேசுகிற ஹாம் ரேடியோ முன்னால் உட்காருவான். மூன்று வருடமாக இவர் போன் செய்தால் அவன் எடுப்பதில்லை. ரேடியோவில் கூப்பிட்டுப் பிடித்தால்தான் உண்டு.

"'உனக்கு ஆன்டெனா கட்டத் தெரியாது, துணிக்கொடி கட்டத்தான் லாயக்கு'ன்னு ரேடியோ கிளப்புல அத்தனை பேர் முன்னாடியும் சொன்னீங்களே, அவனுக்குக் கோபம் வராதா?"

"அவன் கட்டினது அப்படித்தான் இருந்துச்சு."

"இப்ப நீங்க கட்டினது எப்படி இருக்காம்?"

அவர் மைக்கை அழுத்தி, தம்பியின் அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிட்டார். ஆறு வாரமாக நடந்ததேதான் நடந்தது. 'டிக்' என்று ஒரு சத்தம். பிறகு வெறும் இரைச்சல்.

"அந்த 'டிக்'தான் சனியன். எங்கயோ ஜாயின்ட் விட்டிருக்கு."

மனைவியின் டிபன் டப்பாவில் ஓட்டை போட்டு, கம்பியை ரேடியோவோடு இணைக்கச் செய்த பெட்டியைத் திறந்தார். காந்த வளையத்தில் சுற்றிய செப்புக் கம்பியைப் பிரித்து, மூன்றாம் தடவையாகச் சுற்றினார். பற்றவைக்கும்போது விரலைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம். மீட்டர் முள் போன வாரம் போலவே, கம்பியில் குறையில்லை என்று காட்டும் இடத்திலேயேதான் இப்போதும் நின்றது.

"இந்த மீட்டரும் பொய் சொல்லுது!"

மறுபடி கூப்பிட்டார். 'டிக்'. இரைச்சல்.

கட்டிங் பிளேயரைத் தூக்கி எறிந்தார். மனைவி அதை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "போதும், இறக்கிடுங்க" என்றாள், இந்தத் தடவை மெதுவாக.

யாருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியத்தில் அவர் கடைசியாக மைக்கை எடுத்தார்.

"டேய் தம்பி, உனக்குக் கேட்காதுன்னு தெரியும். அன்னிக்கு நான் பேசினது தப்புடா. எனக்குத்தான்டா கட்டத் தெரியல. கம்பியைக் கழட்டிடறேன்."

'டிக்'.

இந்தத் தடவை அதற்குப் பின்னால் ஒரு செருமல் கேட்டது.

"கழட்டாதண்ணே... வாரா வாரம் நான்தான் மைக்கை அழுத்திட்டு விட்டுடுவேன். முதல் வாரத்துலேருந்தே கணீர்னுதான் கேட்குது."