மூன்று கப்பல்கள்

சிங்கப்பூரில், ஆங் மோ கியோ வீட்டின் கூடத்தில், மதிய வெயிலுக்குத் திரைச்சீலையை இழுத்துவிட்டு, மரியஅந்தோணியின் கட்டிலைத் தொலைக்காட்சிக்கு முன்னால் போட்டிருக்கிறார்கள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீடியோ கேம் ஓடுகிறது. அவனுக்கு மூன்று கப்பல்கள்தான். முதலாவது வெடித்ததும், "செத்துட்டேன் லா," என்று சிரிக்கிறான். "அந்த வார்த்தை வேணாங்க," என்கிறாள் மனைவி அல்போன்சா, பக்கத்தில் உட்கார்ந்து கோப்பையில் அவனுக்குக் குடிக்க மைலோவைக் கலக்கியபடி. இரண்டாவது வெடிக்கும்போது, "சரி, போயிட்டு வரேன்," என்கிறான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. கடைசிக் கப்பலை வெகுநேரம் காப்பாற்றுகிறான். எலும்பு தெரியும் விரல்கள் ஜாய்ஸ்டிக்கை இடமும் வலமும் சாய்க்கின்றன. அதுவும் சிதறுகிறது, அவன் முகத்தில் நீல வெளிச்சம் மின்னி அணைகிறது. ஜாய்ஸ்டிக்கை அவள் மடியில் வைக்கிறான். "போறேன், அல்போன்சா." மைலோ கலக்கும் சத்தம் நின்றுவிடுகிறது.