அடுத்த பாட்டு

தினமும் மில்லிலிருந்து திரும்பும்போது, வாசல்வரை பியானோவில் அதே பாட்டுதான் கேட்கும். அதே இடத்தில் அதே தப்பும். வெங்கடபதிக்கு அலுத்துவிட்டது. இன்று நேரத்தோடு வந்து, மகள் கனகத்துக்குப் பாடம் முடித்துக் கிளம்பிய ரோசலின் டீச்சரை வாசற்படியிலேயே மறித்தார்.

“புள்ளைக்குக் கை வராதுங்க டீச்சர். இன்னையோட நிறுத்திக்கலாமுங்க.”

“கனகம் அதை எப்பவோ கத்துக்கிட்டாளுங்க. இன்னொருத்தருக்குச் சொல்லிக் குடுத்தாத்தான் அடுத்த பாட்டுன்னு நான்தான் சொல்லியிருக்கேன். பாடம் நடக்கறப்ப கதவோரமே நின்னு கேக்கறாங்களே, அவங்களுக்கு.”

“யாருங்க அது?”

உள்ளே பியானோ தடுமாறி நின்றது.

“பரவால்லீங்கம்மா, இன்னொருக்கா வாசிங்க. அப்பா வர நேரமிருக்கு,” என்றது கனகத்தின் குரல்.

வெங்கடபதி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, சத்தமில்லாமல் படியிறங்கித் தெருவுக்கு நடந்தார்.