வெள்ளைக் குல்லாய்

பாரிஸின் அச்சுக்கடை மாடியில், மங்கிய வெயில் நீளமேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. கேலிப்படங்களுக்கு வண்ணம் தீட்டும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கொரு நிறம், தாள் கைமாறிக் கைமாறிப் போகிறது. பெரினுடைய நிறம் சிவப்பு. படத்தில் சுதந்திர தேவி கொழுத்த அரசர்களைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளுகிறாள். அவள் தலையில் பிரெஞ்சுப் புரட்சியின் சிவப்புக் குல்லாய். பெரினும் அதே குல்லாய்தான் போட்டிருக்கிறாள்.

கடை முதலாளி போத்ரான் மூச்சிரைக்கப் படியேறி வருகிறார். "அதக் கழட்டும்மா பெரின். பொம்பளைங்க சங்கத்தையெல்லாம் இழுத்து மூடிட்டாங்க. சிவப்புக் குல்லாய் ஆம்பளைக்குத்தானாம். கடைக்குச் சீல் வச்சிருவானுங்க!"

"இவ பொம்பளை இல்லையா?" பெரினின் தூரிகை படத்து தேவியைக் காட்டுகிறது.

"அவ வெறும் படம்டீ. உன்னாட்டம் வாயத் தொறக்க மாட்டா."

பெரின் குல்லாயைக் கழற்றி மடியில் வைக்கிறாள். காதுமடல் கொதிக்கிறது. தூரிகையை அலசுகிறாள், கிண்ணத்து நீரில் சிவப்பு புகைபோலப் பரவுகிறது. அடுத்த தாளில் சிவப்பு பூசாமலே பக்கத்தில் நகர்த்துகிறாள். நீலம் தீட்டும் துவானெத் பாவாடைக்கு மட்டும் நீலம் பூசித் தள்ளிவிடுகிறாள். குல்லாய் வெள்ளையாகவே போகிறது.

"ஏய், வெள்ளைங்கிறது ராஜா கட்சி நிறம்டீ! இத வித்தா என் தலையச் சீவிருவாங்க!"

"பொம்பளைக்குச் சிவப்பு ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" பெரின் அடுத்த தாளையும் நகர்த்துகிறாள். "என் தலைய நான் பாத்துக்கிட்டேன் முதலாளி. உங்க தலைய நீங்க பாத்துக்குங்க."