மின்விசிறியும் எல்.இ.டி. பல்பும்

அந்த வீட்டு மின்விசிறி எத்தனையோ குண்டு பல்புகள் ஃபியூஸ் போனதைப் பார்த்திருந்தது. அதனால் புதிதாக வந்த எல்.இ.டி. பல்புடன் அது பேசவே இல்லை. "எப்படியும் போயிடுவான், பழகி என்ன ஆகப்போகுது?" என்று ஃப்ரிட்ஜிடம் சொன்னது. பல்பு தன்பாட்டுக்கு எரிந்தது. வருஷங்கள் போயின. மின்விசிறிக்கே கண்டென்சர் மாற்ற வேண்டிவந்தது. பல்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரு மழைநாள் மாலை வோல்டேஜ் இறங்கிவிட்டது. ஃப்ரிட்ஜ் முனகி நின்றது. மின்விசிறி தள்ளாடித் தள்ளாடிச் சுற்றியது. அந்த நேரம் பார்த்துச் சின்னவள் யாழினியின் தொண்டையில் மீன் முள் சிக்கிக்கொண்டது.

"வெளிச்சத்துக்கு நேரா வாயைத் திற கண்ணு" என்றாள் அம்மா பூங்கோதை. மகளின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். பல்பின் வெளிச்சம் நடுங்கவில்லை. முள் நன்றாகத் தெரிந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்துவிட்டாள்.

"உனக்கு மட்டும் கரண்ட் குறையலையா தம்பி?" என்று கேட்டது மின்விசிறி.

"குறைஞ்சுதுண்ணே. எனக்குக் கொஞ்சம் இருந்தாலே போதும்."

கீழே அம்மாவும் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள். இருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. மின்விசிறிதான் வெகுநேரம் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தது.