சீப்பு தாண்டிய இடம்

முரடன் ஒரு டெரியர் நாய். அவன் முடி கம்பி போல விறைத்து நிற்கும். ஞாயிறுதோறும் எஸ்தர் அவனைப் பால்கனி மேசையில் ஏற்றி, இரும்புச் சீப்பால் சீவி, கத்தரியால் தாடியைச் சீராக்குவாள்.

ஒருநாள் முன்னங்காலுக்கு அடியில் சீப்பின் பல்லில் ஏதோ தட்டியது. முடிக்குள் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி.

"அங்கே வேண்டாம், வலிக்குது" என்று சீப்பிடம் சொன்னான் முரடன். சீப்பு அந்த இடத்தைத் தாண்டிப் போனது.

பெட்டிக்குள் போனதும் அது கத்தரியிடம் சொன்னது: "முடி மறைக்குது. எஸ்தருக்குத் தெரியல."

"நமக்கு முடியோடதான் வேலை. தோலுக்குக் கீழ என்ன இருந்தா நமக்கென்ன? பேசாம கிட."

அடுத்த வாரமும் சீப்பு தாண்டியது. "என் அழகு ராஜா!" என்று எஸ்தர் முரடனைக் கொஞ்சினாள். கட்டி வளர்ந்திருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு, மேசை விளிம்பில் வைத்த சீப்பு தானாகவே நழுவி, வாஷிங் மெஷினுக்குப் பின்னால் விழுந்தது. எஸ்தர் தேடிச் சலித்தாள். இந்த வகை நாய்க்குச் செத்த முடியை விரலாலேயே பிடுங்கிவிடலாம் என்பது நினைவு வர, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கத் தொடங்கினாள். முன்னங்காலுக்கு அடியில் விரல்கள் நின்றுவிட்டன.

"ஐயோ, முரடா... இது எப்போலேருந்துடா?"

அவனை வாரி எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

"முட்டாளே, இனி உன்னை யார் தேடி எடுப்பாங்க?" என்றது கத்தரி.

சீப்பு தூசிக்குள் கிடந்தது. கீழே கிளம்பிய கார் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்புகிறதா என்று மட்டும் உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தது.