தம்பிக்கு எடுத்துக் கொடுத்த மெஷின்

“கையில புடிச்சுப் பாரு. கனக்குதா?”

ஜீவராணி கண்ணாடி அலுமாரியிலிருந்து, ஸ்க்ரூ முடுக்கும் இம்பாக்ட் டிரைவர்களில் இரண்டாவதை எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள். தனுஷன் அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

“பரவால்லக்கா.”

ஹட்டனில் பக்கீர் நானாவின் ஹாட்வெயார் கடைக்கு ஜீவராணி வேலைக்கு வந்து பல வருடமாகிறது. இதுவரை தம்பி அந்தக் கடைப் படியேறியதில்லை. இன்றைக்கு வந்து மெஷின் கேட்டதும் அவளுக்குக் காலே தரையில் நிற்கவில்லை.

முதலில் காட்டியது சின்னது. வீட்டில் கட்டில் பூட்ட, திரைச்சீலைக் கம்பி மாட்ட அது போதும். தனுஷன் வேண்டாமென்றான். கூரை வேலைக்கு, நாள் முழுக்க ஓட்ட வேண்டும் என்றான்.

கூரை போடும் பாஸ் ஒருவரிடம் இத்தனை காலம் உதவியாளாகப் போனவன். சொந்தமாகத் தொழில் தொடங்குகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவன் அப்படிச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

பதினெட்டு வோல்ட் மெஷினை எடுத்து, பலகைத் துண்டொன்றில் ஸ்க்ரூ ஆணியை வைத்து அழுத்தினாள். டக்கடக்கடக்கென்று ஆணி தலைவரை இறங்கியது. சாதாரண டிரில் என்றால் ஆணி இறுகும்போது மணிக்கட்டை முறுக்கிவிடும். இது உள்ளுக்குள்ளேயே அடித்து அடித்துத் திருப்புவதால் கைக்கு வலிக்காது, ஏணியில் நின்று செய்கிறவனுக்கு இதுதான் நல்லது என்று சொல்லிக்கொண்டே போனாள்.

“துரு புடிச்ச ஆணியக் களட்ட ஏலுமாக்கா?”

“தலை தேயாம இருந்தா எதையும் களட்டிரும்.”

அவன் தலையாட்டினான்.

பெட்டியில் வரும் பேட்டரியில் பாதி சார்ஜ்கூட இருக்காது. முதல் நாளே வேலை பாதியில் நிற்கக் கூடாது என்று கடையிலேயே செருகிவிட்டு, ஏறி முடியும்வரை அவனை உட்காரவைத்தாள். பக்கீர் நானாவிடம் கெஞ்சி ஒரு பிட் செட்டையும் சும்மா வாங்கிப் பெட்டிக்குள் போட்டாள்.

புறப்படும்போது அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, “வர்றேங்க்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு மழையில் இறங்கினான்.

பின்னேரம் மகள் பூரணி போன் எடுத்தாள்.

“அம்மா, மாமா நம்ம பின்பக்க ரூம் கூரை மேல ஏறி நிக்கிறாரு.”

“ஒழுகுற எடத்த அடிக்கிறான் போல. தேத்தண்ணி ஊத்திக் குடு.”

“இல்லம்மா. தகரத்தக் களட்டுறாரு. தொரையோட ஆளுங்க கீழ நிக்கிறாங்க.”

தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் அவர்களுக்கு இருப்பது ஒற்றை அறை, ஒரே காம்பரா. சமையல், படுக்கை எல்லாம் அதற்குள்தான். பூரணி உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கியதும் ஜீவராணி பின்பக்கம் பலகையடித்து, தகரம் போட்டு ஒரு சின்ன அறை எழுப்பினாள். லயத்தில் பலரும் அப்படி எழுப்பியிருந்தார்கள். அனுமதியில்லாமல் கட்டியவற்றையெல்லாம் கழற்ற வேண்டும் என்று தோட்டத்தை நிர்வகிக்கும் தொரையிடமிருந்து உத்தரவு வந்தது. நம் ஆள் ஒருவன்கூட அதற்குக் கைகொடுக்கக் கூடாது என்று கோயிலில் கூடிப் பேசினார்கள். வெளியாட்கள் அந்த வேலைக்குத் தோட்டத்துக்குள் வரப் பயந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் தனுஷன் அவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

ஆட்டோவிலிருந்து இறங்கி அவள் ஓடிவந்தபோது பாதிக் கூரை இல்லை. பூரணி புத்தகங்களைப் பாயில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். மேலே மெஷின் அடித்துக்கொண்டிருந்தது.

“எறங்குடா!”

சத்தம் நின்றது.

“அக்கா, வேற எவனாச்சும் வந்திருந்தா எல்லாத்தையும் ஒடைச்சுப் போட்டிருப்பான். நான் ஒரு தகரம் நெளியாம எறக்கித் தர்றேன். நம்ம சாமான் நமக்கு மிஞ்சும்.”

இறக்கிய தகரங்கள் சுவரோரம் ஒழுங்காகச் சாய்ந்திருந்தன. கழற்றிய ஆணிகள்கூட ஒரு பால்மா டின்னுக்குள் கிடந்தன.

அவள் அதை நம்பினாள். மிரட்டியிருப்பார்கள், பிள்ளை என்ன செய்வான் என்று நினைத்தாள். அக்கா வீட்டு வேலையை அந்நியன் கையில் விடக் கூடாதென்று அவனே முன்வந்திருப்பான் என்றும் நினைத்தாள். மழை வலுத்தது. அவன் மேலிருந்து நீட்ட நீட்ட, மீதித் தகரங்களை அவளே கீழே நின்று வாங்கி அடுக்கினாள். ஒருமுறைகூட அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

முடிந்ததும் இறங்கி, மெஷினைச் சட்டையில் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தான். தொரையின் ஆட்களோடு லயத்தின் கோடிப்பக்கமாக நடந்தான். அடுத்து யார் வீடோ என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

அவர்கள் ஒரு வீட்டிலும் நிற்கவில்லை. கடைசிக் காம்பராவுக்குத்தான் போனார்கள். அது தனுஷனுடையது.

ஜீவராணி பின்பக்கமாக எட்டிப் பார்த்தாள். அவனும் ஓர் அறை எழுப்பியிருந்தான். அவளுடையதைவிடப் பெரியது, அதே மாதம் கட்டியது. அதற்கு அவள்தான் மண் சுமந்து கொடுத்தாள்.

அதன் கூரையில் ஒரு தகரமும் அசையவில்லை. தொரையின் ஆட்கள் மழைக்கு அதற்குள் ஒதுங்கியிருந்தார்கள்.

தனுஷன் அவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான்.